கைக்கு அடங்காத பிடி

கறிக்கடைக்காரர் இரண்டு கத்திகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இடது கட்டைவிரலில் பெரிய கட்டு.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. புதுக் கத்தி கைக்குள்ள உருளுது. எலும்புல பட்டதும் அப்படியே திரும்பிடுச்சு. நல்லவேளை, விரல் தப்பிச்சுது."

"பழசு?"

"அது கல்லு மாதிரி நிக்குது. இதுதான் கொஞ்சம் ஒல்லியோன்னு..." என்று இழுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. கத்தி அடிப்பது என் வீட்டுக்காரர், பிடி போடுவது நான். அலகுக்குப் பின்னால் நீண்டிருக்கும் கம்பியில், நடுவில் ஓட்டை போட்ட தோல் வில்லைகளை ஒவ்வொன்றாகக் கோத்து, பசை தடவி, நெருக்கி இறுக்கி, காய்ந்தபிறகு அரத்தால் தேய்த்து உருட்டி எடுப்பேன். என் பிடியைக் குறை சொல்ல இதுவரை எந்தக் கொம்பனும் வந்ததில்லை.

அவர் போனபிறகு இரண்டு பிடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியது ஒல்லிதான்.

ஆனால் அளவு என்னுடையதல்ல. என் கை சின்னது. அதனால் தேய்க்கத் தேய்க்க வீட்டுக்காரர் கையில்தான் கொடுத்துப் பார்ப்பேன். விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் நின்றால் தலையாட்டுவார், நான் அரத்தைக் கீழே வைப்பேன். இந்தக் கத்திக்கு மட்டும் மனிதர் தலையாட்டவே இல்லை. இன்னும் தேய், இன்னும் தேய் என்று உயிரை எடுத்தார். இதற்குமேல் தேய்த்தால் கம்பிதான் மிஞ்சும் என்று கத்திவிட்டு நானே நிறுத்தினேன்.

இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பது என்று முடிவுகட்டி, பழைய கத்தியை எடுத்துக்கொண்டு பின்கட்டில் இருந்த பட்டறைக்குப் போனேன். உலைக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதைப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார். "தடி. இன்னும் தேய்."

"நல்லாப் பாத்து சொல்லுங்க. இது நீங்க சரின்னு சொல்லி வித்த கத்தி. பழசு."

கத்தியைத் திருப்பிப் பார்த்தார். நான் அப்போதுதான் கத்தியை விட்டுக் கையைப் பார்த்தேன். கடைசி இரண்டு விரல்களும் பிடியைத் தொடாமல் வெளியே நின்றன. கத்தியை வாங்கி வைத்துவிட்டு அந்த விரல்களை மடக்கப் பார்த்தேன். பாதிக்குமேல் மடங்கவில்லை. கேட்க வந்த நாலு வார்த்தையும் மறந்துபோனது.

"எப்பலேர்ந்து?"

"குளிருக்கு விறைக்குது. சரியாப் போயிடும்."

"பூசி மெழுகாதீங்க. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினா சுத்தியலைத் தொடாதேம்பாரு. இதை அவர் வேற சொல்லணுமா, நீ போதாதா?"

சிரிக்கவைக்கப் பார்க்கிறாராம். பழுத்த இரும்பின்மேல் ஓங்கி அடிக்கிற சுத்தியல் ஒருநாள் நழுவினால் என்ன ஆகும்? சுத்தியலைப் பிடுங்கி வைத்தால் இந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே உருக்குலைந்து போவார். அதுவும் எனக்குத் தெரியும்.

"நழுவாது," என்றார், நான் கேட்டதுபோல. மூலையில் கிடந்த சாக்குக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்தார். அதன் காம்பில் தோல் சுற்றி, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வளையமும் தைத்திருந்தார். என் வெட்டுத் துண்டுத் தோல்தான். தையல் கோணல்மாணலாக ஓடி, ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது.

"இதைக் கையில கட்டிக்கிட்டா அடிக்கிறீங்க? நெருப்பு தெறிச்சா உதறக்கூட முடியாதேங்க."

"தையல்தான் நிக்கமாட்டேங்குது. நீ ஒரு தடவை தைச்சுக் குடு. உன் தையல்னா பிரியாது."

என் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதேயில்லை. அதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது.

"மாட்டேன்," என்றேன்.

"அப்ப நானே தைச்சுக்கிறேன்."

என் மேசையிலிருந்து தடித்த ஊசியையும் நூலையும் எடுத்துவந்து, என் எதிரிலேயே முக்காலியில் உட்கார்ந்து கோக்க ஆரம்பித்தார். நூல் ஊசிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது, உள்ளே போகவில்லை. மறுபடி நுனியை எச்சில் தொட்டு முறுக்கினார். ஊசி நழுவிக் கரிக்குள் விழுந்தது. அவர் குனிந்து துழாவினார், விரல்களுக்கு அது அகப்படவில்லை. ஊசி என் காலடியில் பளிச்சென்று தெரிந்தது.

"எடுத்துக் குடேன்," என்றார், நிமிராமலே.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை.