எதிரி நாற்காலி

தன் அறிக்கை தப்பு என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னதும் "அப்பாடா" என்று மூச்சு விட்ட ஆளை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை. வழக்கமாக என்ன நடக்கும்? முகம் சிவக்கும், குரல் ஏறும், "அந்தப் பக்கத்தை முழுசா படிச்சீங்களா சார்" என்று சண்டை கிளம்பும். கதவுக்கு வெளியே வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கும் நின்றார்கள். பாவம், அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பெருமூச்சும், அதற்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும்தான்.

இராணுவத்துக்கு எவ்வளவு செலவாகிறது, அவ்வளவு செலவழித்தும் படை தயாராக இருக்கிறதா என்று ஆராய்ந்து சொல்கிற அலுவலகம் அது. துப்பாக்கியும் கிடையாது, சீருடையும் கிடையாது. ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நாலைந்து மேசை, ஒரு மூலையில் ஒழுகுகிற ஏசி, அதற்குக் கீழே ஒரு வாளி. ஆனால் அங்கிருந்து "போகலாம்" என்று எழுதி அனுப்பினால் பாராளுமன்றக் குழு தலையாட்டும், ஆயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு எல்லைக்குக் கிளம்புவார்கள். "வேண்டாம்" என்று எழுதினால் ஏதாவதொரு தளபதிக்குத் தலைவலி வரும். இவ்வளவுக்கும் அந்த வாளியைக் காலி செய்வது யார் முறை என்பதில் அங்கே தினமும் தகராறு.

கனமான வேலை என்பதால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த அறிக்கையும் வெளியே போகும்முன், உள்ளேயே ஒருவர் அதற்கு எதிரியாக வேண்டும். கடைசி அறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. பெயரே எதிரி நாற்காலி. அதில் உட்காருகிறவர் அறிக்கையை எப்படியாவது உடைக்கப் பார்க்க வேண்டும். நட்பு, வயசு, முகதாட்சண்யம் எதுவும் கூடாது. அவர் படித்து முடிக்கும்வரை எழுதியவர்தான் அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அறிக்கையைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. இதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, நல்ல கொடுமைக்காரராக இருந்திருப்பார்.

இந்தத் தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் மூத்த ஆராய்ச்சியாளர். அவருக்கு அங்கே பூதக்கண்ணாடி என்று பெயர். மனிதர் அடிக்குறிப்பைத்தான் முதலில் படிப்பார்.

எழுதியவளின் பெயர் சதவீதம். அதுவும் அலுவலகம் வைத்ததுதான். "பசிக்குதா" என்று கேட்டால் "அறுபது சதவீதம்" என்பாள். படை எந்த அளவுக்குத் தயார் என்று கணக்கிடுவதில் அவள் கில்லாடி. புது டாங்கி வாங்கினால் மந்திரி வந்து ரிப்பன் வெட்டலாம், பழைய லாரிக்கு பிரேக் கட்டை வாங்கினால் யார் வந்து வெட்டுவார்கள், அதனால்தான் ஒருவரும் வாங்குவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டவள். அந்த அளவு கறாரான பெண்ணுக்கு ஒரு கொழுந்தன் இருந்தான். சிக்கல் அங்கேதான்.

வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். கணக்குப் பரீட்சை என்றால் அவனுக்கு முதல் நாளே காய்ச்சல் வரும். பின்னத்தை அவன் மண்டையில் ஏற்றுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணன் அடிக்க வந்தால் அண்ணிக்குப் பின்னால்தான் ஒளிவான். வளர்ந்து, படையில் சேர்ந்து, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனாக ஆன பிறகும், விடுமுறையில் வந்தால் முதலில் சமையலறைக்குள் தலையை நீட்டி "அண்ணி, என்ன இருக்கு" என்றுதான் கேட்பான். தனக்கு ஒரு பிள்ளை பிறந்த பிறகும் மூத்த பிள்ளை இவன்தான் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பனி விழுந்து பாதை அடைபடும்முன் ஒரு படைப்பிரிவை மலை உச்சி முகாமுக்கு அனுப்ப வேண்டும், அவர்களுடைய வண்டிகள் தாங்குமா என்று பாராளுமன்றக் குழு கேட்டிருந்தது. அவள் கோப்பைத் திறந்தாள். அது சின்னவனுடைய பிரிவு.

அப்போதே எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆராய்கிற பிரிவில் கணவன், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் இருந்தால் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. கணவனின் தம்பியைப் பற்றி விதியில் பேச்சில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை என்று மென்று முழுங்கிவிட்டாள். என்னை எனக்குத் தெரியாதா, நான் நியாயமாகத்தானே எழுதுவேன் என்று ஒரு திமிர்.

முதல் கணக்கில் படை தயாராக இல்லை என்று வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். சின்னவன் போகவேண்டாம். அடுத்த நிமிடமே அந்தச் சந்தோஷம் அவளைப் பிடித்து உலுக்கியது. இவ்வளவு ஆசைப்படுகிறேனே, இது கணக்கா, இல்லை என் ஆசையைத்தான் கணக்கு என்று எழுதி வைத்திருக்கிறேனா? மறுபடி போட்டாள். இந்தத் தடவை சந்தேகம் வந்த ஒவ்வோர் இடத்திலும் தன் ஆசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். உதிரிபாகம் வராமல் பட்டறையில் நிற்கிற வண்டியை அவள் ஒருநாளும் தயார் என்று ஒத்துக்கொண்டவள் அல்ல. ஆர்டர் போட்ட காகிதமா லாரியை மலைமேல் இழுக்கும் என்று கேட்கிறவள். இப்போது, ஆர்டர்தான் போட்டாயிற்றே, வந்துவிடும், தயார் என்று எழுதினாள். சமவெளியில் ஓட்டிப் பார்த்த வண்டி மலையிலும் ஓடும் என்று எழுதினாள். இப்படியே போய், தயார் என்பதற்கான கோட்டை ஒரு மயிரிழையில் தாண்டி, "போகலாம்" என்று முடிந்தது. இதுதான் நேர்மை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, சோறு இறங்கவில்லை.

மாமியார் வேறு, ஒன்றும் தெரியாமலேயே குத்தினாள். "ஊருக்கெல்லாம் என்னென்னமோ எழுதறே. என் பிள்ளையை மலைக்கு அனுப்பாதீங்கன்னு ஒரு வரி எழுதினா உன் பேனா தேஞ்சா போயிடும்?" விளையாட்டாகத்தான் சொன்னாள். மருமகள் எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள்.

பூதக்கண்ணாடி படித்து முடித்த அன்று தேநீரோடு உள்ளே போனவளை உட்காரச் சொன்னார்.

"இந்த அறிக்கையை யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

"நீ இல்ல. உன் எழுத்தை நான் வருஷக்கணக்கா படிக்கிறேன். நீ மகா கஞ்சம். ஒரு வண்டியைத் தயார்னு உன்னை ஒத்துக்க வைக்கறதுக்குள்ள அந்த வண்டியே அழுதுடும். இங்க என்னடான்னா அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கே." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தெரியாம பண்ற தப்பு ரெண்டு பக்கமும் சாயும். இது எல்லா எடத்துலயும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. இந்த அறிக்கை தப்பும்மா."

"அப்பாடா," என்றாள் அவள்.

பூதக்கண்ணாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன அப்பாடா? யாரு உன்னை மிரட்டினது? தளபதி ஆபீஸா?"

"இல்ல சார். என் கொழுந்தன்."

"கொழுந்தன் மிரட்டினானா?"

"ஐயோ, அவன் ஒண்ணுமே பண்ணல சார். அவன் அந்தப் பிரிவுல ஆம்புலன்ஸ் ஓட்டறான்."

அவர் சற்று நேரம் மேல்கூரையைப் பார்த்தார். "எனக்குப் புரியலம்மா. சொந்தக்காரன் போறான்னா வேண்டாம்னுதானே எழுதியிருக்கணும்?"

"அதனாலதான் சார் போகலாம்னு எழுதிட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கேவிக் கேவி அழுதாள். சேலைத் தலைப்பு நனைந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் நிம்மதிதான் அதிகம்.

பூதக்கண்ணாடி அழவிட்டார். பிறகு, கோபமாகவே சொன்னார். "அவனுக்குச் சாதகமா எழுதிடக் கூடாதுன்னு அவனைக் கொல்லப் பாத்திருக்கே. அவனை மட்டுமா? கூடப் போற அத்தனை பேரையும். உன் நேர்மைக்கு அவங்க ஏம்மா விலை கொடுக்கணும்?" அவர் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். "நீயே குடி. எனக்கு இன்னைக்கு இது நாலாவது."

இயக்குநர் அம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். அந்த அம்மா வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். "நேர்மைன்னா முதல் நாளே வந்து சொல்றது. தனக்குத்தானே சூடு போட்டுக்கறது இல்ல." அறிக்கையிலிருந்து அவள் பெயர் போனது. அந்த வருஷத்தின் பெரிய அறிக்கை அதுதான். அதற்காக அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. பெயரை எடுக்கிறோம் என்றபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உண்மையில் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தாள். பூதக்கண்ணாடி ஆரம்பத்திலிருந்து தானே கணக்குப் போட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இப்போது வேண்டாம். உதிரிபாகங்கள் வரட்டும், வண்டிகளை மலையில் ஏற்றிப் பார்க்கட்டும்" என்று எழுதினார். தளபதி முணுமுணுத்தார். குழு பயணத்தைத் தள்ளிவைத்தது. அன்று அவள் வீட்டுக்கு வந்து, மாமியார் கூப்பிடக் கூப்பிடக் காதில் விழாமல், அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

சில வாரத்தில் சின்னவன் விடுமுறையில் வந்தான். இந்தத் தடவை சமையலறைக்குள் தலை நீட்டவில்லை. பையைத் தொப்பென்று போட்டுவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்தான்.

"எவனோ ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருக்கான் அண்ணி. வண்டி சரியில்லையாம், நாங்க போகக் கூடாதாம். எங்க மானமே போச்சு. பக்கத்து பிரிவுக்காரன் எல்லாம் கேலி பண்றான்."

"எழுதினவன் நல்லா இருக்கணும்," என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மகனுக்குத் துவைத்த துண்டு எடுக்க உள்ளே போனாள்.

அண்ணி தட்டில் சாப்பாட்டைப் போட்டாள். சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கேட்கவில்லை, சொல்லவில்லை என்று ஒருமுறை இருந்து பட்டதே போதும் என்று தோன்றியது.

"முதல்ல எழுதினது நான்தான் சின்னவனே. உங்க வண்டியெல்லாம் தயார், போகலாம்னு எழுதினேன். தப்புன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். நீ என் கொழுந்தன்கிறதால உனக்குச் சலுகை காட்டிட்டேன்னு ஆயிடக் கூடாதுன்னு. இன்னொருத்தர்தான் அதைப் பிடிச்சு நிறுத்தினார்." அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "உன்னை நானே அனுப்பி வச்சிருப்பேன்டா."

சின்னவன் தட்டைத் தள்ளி வைத்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"என் வண்டியை எந்தப் பக்கம் போட்டீங்க அண்ணி?"

"உன்னோடது ஓடுற வண்டிதானே. அதுல சந்தேகமே இல்ல. அவரும் தயார்னுதான் போட்டிருக்கார்."

"அது தயாரில்ல," என்றான். குரல் கணக்குப் பரீட்சைக் காலத்துக்குப் போய்விட்டது. "ஏத்தத்துல ரெண்டாவது கியர் தானா கழண்டுக்கும். சோதிக்க வந்தவங்க கேட்டப்ப, தயார் சார்னு சொல்லிட்டேன்."

"ஏண்டா?"

"எல்லாரும் தயார்னு சொன்னாங்க. நான் மட்டும் இல்லைன்னா, மலைக்குப் போகப் பயந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

அவள் கையில் இருந்த கரண்டியை மேசைமேல் டக்கென்று வைத்தாள். "அறிவிருக்கா உனக்கு? பின்னால நோயாளி படுத்திருப்பானேடா. நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பாத்தா வண்டி ஓட்டுவ?"

"நீங்க அப்படித்தானே அண்ணி கணக்குப் போட்டிருக்கீங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அவனுக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. துண்டோடு வந்த மாமியார் "என்னடா கூத்து இது, இப்பதானே மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். சிரித்து ஓய்ந்ததும் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுடைய போனை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"பயந்தாங்கொள்ளின்னு சொல்வாங்க அண்ணி."

"சொல்லட்டும்டா. என்னை என்னென்ன சொன்னாங்க தெரியுமா? நல்லாத்தானே இருக்கேன்."

அவன் எழுந்து நின்றுகொண்டான். மேலதிகாரியிடம் பேசும்போது போனில்கூட அவனால் உட்கார முடியாது.

"சார், ஒரு விஷயம். என் வண்டி தயாரா இல்ல சார். அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

மறுமுனைக் குரல் அண்ணிக்கும் தெளிவாகக் கேட்டது. "உன்னோடதுமாடா? அந்த அறிக்கை வந்ததுலேருந்து நீ அஞ்சாவது ஆள். சரி, லீவு முடிஞ்சு வந்ததும் பட்டறையில கொண்டு விடு."

சின்னவன் போனை வைத்துவிட்டு உட்கார்ந்து தட்டை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"பசிக்குது அண்ணி," என்றான்.