சாமுண்டீஸ்வரியின் தகரக் கழுதை

1983 ஆவணியில் சேலையூர் ஏகநாதன் பழைய பவுடர் டப்பாவை வெட்டிச் செய்த கொக்கு, செய்து முடித்த மூன்றாம் நாள் காலையில் ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்குப் பறந்து போய், சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வீடு திரும்பியது. அலகில் ஒரு கெண்டைக்குஞ்சு இருந்தது. அவர் மனைவி சாமுண்டீஸ்வரி அதைக் குழம்பில் போடலாமா என்று யோசித்து, கடைசியில் பூனைக்குப் போட்டாள். தெருவில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அந்த வாரம் மண்ணெண்ணெய் கிடைக்காததுதான் பெரிய பேச்சாக இருந்தது.

ஏகநாதன் பரம்பரை விவசாயி. நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு கைக்கு வேலையில்லை. மற்ற நிலக்காரர்கள் ரைஸ்மில் வைத்தார்கள், கட்சியில் சேர்ந்தார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் சீட்டாடினார்கள். இவர் கிணற்றடியில் தகரமும் கத்தரியுமாக உட்கார்ந்துவிட்டார். எதற்கு என்று கேட்டால் சும்மா என்பார். பிள்ளை இல்லாத வீடு. சாமுண்டி பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே, இது கோணல், அது மூக்கா முருங்கைக்காயா என்று கேலி செய்வாள். அவள் கேலி செய்யச் செய்ய அவர் கை ஓடும். அப்படிப் பிறந்த ஓணானும் நண்டும் மூன்று வாத்துகளும் கொல்லையில் திரிந்தன. மழைக்காலத்தில் துருப்பிடிக்காமல் இருக்க அவள்தான் அவற்றுக்குத் தேங்காயெண்ணெய் தடவி விடுவாள்.

தண்ணீர்ப் பஞ்சம் வந்த 87 கோடையில், எதிர் பிளாட் நாகலக்ஷ்மி மாமி அடிபம்பு அடிக்க ஒரு யானை செய்து தரச் சொன்னாள். ஏகநாதன் நல்ல மனதோடு, அளவெடுத்து, பிசிறில்லாமல் செய்து கொடுத்தார். யானை வைத்த இடத்தில் வைத்தபடியே நின்றது. மாமி கோபித்துக்கொள்ளாமல் அதில் அரிசி கொட்டி வைத்துக்கொண்டாள். காரியத்துக்கென்று செய்தால் உயிர் வராது என்று அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஏகநாதனுக்கும் தெரிந்தது.

91 ஐப்பசியில் சாமுண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு பூராவும் பழுது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உடம்பில் எது நோகிறதோ அதன் உருவத்தைத் தகட்டில் வாங்கி அம்மனுக்குச் சாத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். ஏகநாதன் கடையில் வாங்காமல் தன் கையாலேயே ஒரு நெஞ்சு செய்தார். அது மூச்சு விட்டால் அவளும் விடுவாள் என்று நினைத்தார். அது விடவில்லை. மறுபடி செய்தார். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் தன் வீட்டுக்குள் வரும்போது யாருக்குத்தான் தெரிகிறது! மார்கழிக்குள் பதினாலு தகர நெஞ்சுகள் ஜன்னலில் வரிசையாகக் கிடந்தன. வாத்துகள் நடை தளர்ந்தன. கொக்கு ஏரிக்குப் போவதை விட்டுவிட்டது.

பதினைந்தாவதுக்கு அவர் தகரம் வெட்டும்போது சாமுண்டி பாயிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இன்னாய்யா, என் மூஞ்சியவே பாத்துகினு செய்ற. தகரம் கூட பயந்துகினு கீது. அத்த வுடு. எனக்கு ஒரு கழுதை செஞ்சி குடு."

"கழுதை இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கும் இல்ல. சும்மா."

அழுதுகொண்டேதான் ஆரம்பித்தார். வயிற்றுக்கு எண்ணெய் டின் வைத்தார். காதுகளை அவளே வெட்டினாள். ஒன்று முறம்போல வந்தது, ஒன்று வெற்றிலைபோல. முன்னங்கால் ஒன்று இரண்டு விரற்கடை குட்டையாகிப்போக, நிறுத்தியதும் கழுதை மூக்கு குத்தி விழுந்தது. சாமுண்டி சிரித்தாள். இருமல் வந்தது, இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த இரண்டு நாளும் அந்த வீடு கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது. அவளுக்கு நோய் இருப்பதையே அவர் மறந்துபோனார். அப்படி மறந்ததற்காகத் தன்னை மன்னிக்க அவருக்கு வெகுநாள் ஆனது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கழுதை தானாக எழுந்தது. பாயைச் சுற்றி நொண்டி நொண்டி நடந்தது. சாமுண்டி, எழுந்து பார் என்று ஏகநாதன் அவள் தோளைத் தொட்டார். தோள் சில்லிட்டிருந்தது.

பாடைக்குப் பின்னால் கழுதையும் போனது. வாய்க்கரிசியை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் வெட்டியான் சொன்னான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அது தனியாகச் சுடுகாடு வரை போய்த் திரும்பியது. அது நொண்டி வரும் சத்தத்தை வைத்துத் தெருப் பெண்கள் உலை வைத்தார்கள். ஏரிக்கரையில் அடுக்குமாடிகள் வந்தன, தெருவுக்குத் தார் ரோடு வந்தது. ஏகநாதன் அதற்கப்புறம் ஒன்றும் செய்யவில்லை. மழைக்காலத்தில் அந்த இரண்டு காதுகளுக்கும் தேங்காயெண்ணெய் தடவுவதோடு சரி.

97இல் தெருமுனையில் வெல்டிங் பட்டறை போட்ட துரைராஜ், அந்தக் குட்டைக்காலில் ஒரு துண்டு பற்றவைத்தால் ஐந்து நிமிஷத்தில் நேராக நடக்கும் என்று பிரியமாகத்தான் கேட்டான்.

"வேணாம்பா," என்றார் ஏகநாதன். "அத்த பாத்துதான் சிரிச்சா."

துரைராஜ் தலையாட்டிவிட்டு, கழுதை போக வழிவிட்டு சைக்கிளை ஓரமாக எடுத்து வைத்தான்.