மடியில் கிடந்த தலை

டாரியஸ் மன்னனை அவனுடைய ஆட்களே குத்திப்போட்டார்கள். துரத்தி வந்த அலெக்சாண்டர் குதிரையிலிருந்து இறங்கி, சாகக் கிடந்த எதிரியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதான். பரிசு கேட்டு நின்ற கொலைகாரர்கள் இருவரையும் தூக்கில் போட்டான். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒரு பாரசீகக் கவிஞர் இப்படி எழுதினார்.

ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்து வந்த இன்னொரு கவிஞர் ஒன்றைச் சேர்த்தார். அந்த இருவரும் முன்கூட்டியே அலெக்சாண்டரிடம் வந்து பேசினார்கள். அவனும் சம்மதித்தான்.

என் முதுகலை ஆய்வு இதைப் பற்றியது. என் மனைவி ரமணிதான் தட்டச்சு செய்தாள்.

"ஒத்துக்கிட்டவரு அப்புறம் என்னாத்துக்கு அழுவுறாரு? நடிப்பாலா?" என்றாள்.

"எழுதினவங்களுக்கு அழுற ராஜா வேணும்."

"உங்க ராஜாவ எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் தட்டினாள்.

போன வருடம், மாலை ஆறரை மணிக்கு, குருண் டவுன் சிக்னலில் அவளை வெட்டினார்கள். தொழிற்சாலை வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். வெள்ளை மைவி கார். காளிதாசன் என்ற ரவுடி வெட்டத் தேடிக்கொண்டிருந்த ஆளிடமும் வெள்ளை மைவி இருந்தது. இரண்டு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், அவனும் அவனுடைய ஆட்கள் இருவரும். வசந்தன் கண்ணாடியை உடைத்தான். சுகுமாரன் பின்னால் வந்த கார்களை மறித்தான். காளிதாசன் பாராங் கத்தியை இறக்கினான். கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று, தடுத்த கையில் ஒன்று. போலீஸ்காரர்கள் இரண்டு விரல்களைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அடையாளம் காட்டச் சொன்னார்கள். மோதிரத்தைக் காட்டினேன்.

கோர்ட்டில் சாட்சிகள் யாரும் வரவில்லை. மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள். வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மூன்று பெயர்களையும் போட்டு மனு மேல் மனு எழுதினேன். பகலில் பள்ளியில் வரலாறு நடத்தினேன். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

ஒருநாள் பள்ளி முடிந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது வசந்தன் எதிரில் வந்து உட்கார்ந்தான். சுகுமாரன் வாசலில் நின்றான்.

"சார், வெட்டுனது காளிதாசன் அண்ணன். நாங்க சும்மா கூட நின்னோம்."

"கண்ணாடிய உடைச்சது?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது… சரி. இப்ப கேளுங்க. அண்ணனுக்கும் எங்களுக்கும் ஒத்து வரல. அவரு இல்லாம போனா, மனுவுலேர்ந்து எங்க பேர எடுத்துருவீங்களா?"

தேநீர் ஆறியிருந்தது. குடித்து முடித்தேன்.

"எடுத்துடறேன்" என்றேன்.

"வாய்ச்சொல்லு போதாதுலா சார். படிச்சவங்க. நாளைக்கு வேற பேசுவீங்க."

பாலிங் போகும் சாலையில் ஒரு செம்பனைத் தோட்டம். உள்ளே தகரக் கூரை போட்ட முனீஸ்வரன் கோவிலுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். சுகுமாரன் வாசல் கல்லில் சூடம் கொளுத்தினான். காளிதாசன் செத்தால் இவர்கள் பெயர் என் வாயில் வராது என்று சொல்லி, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கையை எடுக்கவில்லை.

"எடுங்க சார்! வேகுது!" என்று சுகுமாரன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். தோல் கல்லில் ஒட்டிக்கொண்டது. எனக்கு வலி தெரியவில்லை.

பதினோராம் நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வசந்தன் போன் செய்தான். "முடிஞ்சிருச்சு சார். கோவிலுக்குப் பின்னால. பாக்கணும்னா வாங்க."

பார்க்கத்தான் போனேன்.

காளிதாசன் காய்ந்த மட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எலும்பில் மட்டும் தொங்கியது. வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்தியிருந்தான். விரல் இடுக்குகளில் குடல் தெரிந்தது. ஈ மொய்த்தது. அவர்கள் போய்விட்டிருந்தார்கள். இவன் சாகவில்லை.

"சார்" என்றான். என்னைத் தெரிந்திருந்தது. "தண்ணி."

காரில் பாட்டில் இருந்தது. படுத்தபடி குடித்தால் மூச்சில் ஏறிவிடும். தலையைத் தூக்கி என் தொடையில் வைத்தேன். கனமாக இருந்தது. பாதித் தண்ணீர் ரத்தத்தோடு வெளியே வந்தது.

"அந்தக் காருன்னு நெனச்சிட்டேன் சார்."

"தெரியும்."

"போன் அடிங்க சார். ஆம்புலன்சுக்கு. லோகா பாவம்."

போன் என் சட்டைப் பையில் இருந்தது. அவன் கன்னத்திலிருந்து ஒரு கை தூரம். அவன் அதைப் பார்த்தான். நான் செம்பனைக் குலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் ஆனது. கடைசியில் என் சட்டையைப் பற்றி இழுத்தான். ஒரு பொத்தான் தெறித்தது. பிறகு கை விழுந்தது.

குலை ஏற்ற டிராக்டரில் வந்த வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். பிறகு படம் எடுத்தார்.

போலீசிடம் தோட்டத்துக்குள் போனுக்கு லைன் கிடைக்கவில்லை என்றேன். யார் செய்தது என்று கேட்டார்கள். இரண்டு பெயர்களையும் சொன்னேன். சத்தியம் ஞாபகம் இருந்தது. உள்ளங்கையில் கட்டு இருந்ததே. ஆனாலும் அவர்களும் அந்த சிக்னலில் நின்றவர்கள். முதல் நாளிலிருந்தே மூவரும் தண்டனை பெற வேண்டும் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. "மனைவியைக் கொன்றவனுக்கு மடி கொடுத்த ஆசிரியர்" என்று தலைப்பு. தலைமையாசிரியர் அடுத்த காலைக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இறந்து பதிமூன்று நூற்றாண்டு கழித்து அலெக்சாண்டருக்குக் கிடைத்த பெயர் எனக்கு ஒரே இரவில் கிடைத்தது.

இருவரையும் பிடித்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த அன்று வசந்தன் விலங்கைத் தூக்கிக்கொண்டு கத்தினான். "சொல்லிச் செய்ய வச்சது இந்த சாருதான்! சூடம் அணைச்சாரு! கையப் பாருங்க!" யாரும் பார்க்கவில்லை. ஒரு போலீஸ்காரர் அவன் வாயிலேயே குத்தினார். பல் ஒன்று தரையில் உருண்டது. வலது கையை நான் கால்சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அன்று மத்தியானமே லோகேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். காளிதாசனின் மனைவி. மோட்டாரில் வந்தவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"எம் புருசன் செஞ்சதுக்கு உங்க கால்ல விழணும்னு இருந்தேன் சார். பேப்பர்ல படத்தப் பாத்ததுலேர்ந்து உங்களத்தான் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு அந்த நாயி கத்துறான். பொய்தானே?"

வலது கை இன்னும் பையில்தான் இருந்தது.

"பொய்னு சொல்லிட்டா போதும் சார். நான் போயிருவேன்."

பொய் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பத் தயாராக வந்திருந்தாள். மடித்த பத்திரிகைப் படம் அவள் பர்சிலிருந்து எட்டிப் பார்த்தது. ரமணி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. நடிப்பாலா?

கையைப் பையிலிருந்து எடுத்து விரித்தேன். கட்டு இல்லை. நடுவில் புண் வட்டமாக இருந்தது.

அதையே பார்த்தாள். "தண்ணி குடுத்தீங்களே?"

"குடுத்தேன்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"ஆம்புலன்சக் கூப்பிடச் சொன்னான். லோகா பாவம்னான்."

"போன்?"

"எங்கிட்ட இருந்திச்சு."

ஹெல்மெட் என் முகத்தில் இறங்கியது. மூக்கெலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடி காதோரம். சுவரில் சரிந்தேன். மூன்றாவது அடிக்குக் கை தானாகத் தூக்கிக்கொண்டது. ரமணியின் கையும் இப்படித்தான் தூக்கியிருக்கும். வலித்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக வலித்தது.

அவள் மூச்சிரைத்தாள். என் ரத்தம் அவள் சட்டையில் தெறித்திருந்தது.

"ஏறு" என்றாள். மோட்டாரை உதைத்துக் கிளப்பினாள்.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். போலீஸ் ஸ்டேசன் வாசலில் நிறுத்தினாள். சார்ஜன் என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"யார் சார் அடிச்சது?"

"அது இல்ல" என்றேன். "முன்னாடி குடுத்த வாக்குமூலம் பொய். திரும்ப எழுதணும்."

அவர் பேனாவை எடுத்தார். மேசை மேல் கையை விரித்து வைத்து, கோப்பிக்கடையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.