கான்ட்ராபாசூனுக்கு ஒரு பாட்டு

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரம் கிடையாது என்று 2008 கடைசியில் அறிவித்தார்கள். அந்த வட்டாரத்தில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவன் அஹ்சன் ஒருவனாகத்தான் இருக்கும்.

பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை அவன். அந்தத் தொழில் ஒட்டாமல் சென்னைக்குப் போய் ஒலிப்பதிவு கற்று, வடபழனியில் ஒரு மாடியறையில் ஸ்டுடியோ வைத்திருந்தான். பெங்களூர் கம்பெனி ஒன்று அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. ஆர்க்கெஸ்ட்ராவில் மிகக் கீழே ஒலிக்கும் கருவிகளை ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து தர வேண்டும். அவற்றை அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீபோர்டின் கட்டைகளோடு இணைத்து விற்பார்கள். அதன்பின் இசையமைப்பாளர் கட்டையை அமுக்கினாலே போதும், கருவி ஒலிக்கும். டபுள் பாஸும் டியூபாவும் வாசிக்கச் சென்னையிலேயே ஆள் கிடைத்தது. கான்ட்ராபாசூனுக்குத்தான் யாரும் இல்லை.

பலரை விசாரித்து, கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுவாயலுக்கு அருகில் ஜெயராஜைக் கண்டுபிடித்தான். இளம் வயதில் அவர் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் பாசூன் ஊதியவர். கீபோர்டு வந்து வாய்ப்புகள் குறைந்ததும் ஊருக்குத் திரும்பி, ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் தன்னுடைய கான்ட்ராபாசூனை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாசூனின் பெரிய வடிவம், ஆள் உயரத்துக்கு, மடித்து மடித்து வைத்த குழாய் போன்ற கருவி அது. நாதஸ்வரத்துக்கு இருப்பதுபோல அதற்கும் ஒரு சீவாளி உண்டு, ஆனால் பெரியது.

அவரை வெளியே தள்ளிய கீபோர்டுக்காகவே அவரை ஊதச் சொல்லிக் கேட்க அஹ்சனுக்குக் கூச்சமாக இருந்தது. ஜெயராஜ் சிரித்தார்.

"என்னையே அதுக்குள்ள போட்டுட்டா அப்பால எவன் தம்பி என்ன வெளிய தள்ளப் போறான்?" என்றார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கருவியைச் சென்னைக்குத் தூக்கிச் செல்ல ஜெயராஜ் சம்மதிக்கவில்லை. அதன் மூட்டுகள் தளர்ந்திருந்தன. ஊரிலோ பகலும் இரவும் ஆலைகளின் உறுமல். காதுக்கு அது பழகிப்போயிருந்தாலும் மைக்குக்குப் பழகாது. கான்ட்ராபாசூனின் அடிச்சுரமும் ஆலையின் உறுமலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் கிடந்ததால், ஒன்றை எடுத்து மற்றொன்றை விட முடியவில்லை. அதனால்தான் மின்சாரம் இல்லாத நாள் அவனுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. கூலி போன வருத்தத்தில் ஊரே வீட்டில் முடங்கியிருக்க, இவர்கள் இருவரும் ஊர்ச் சர்ச்சின் கதவைச் சாத்திக்கொண்டு பேட்டரியில் பதிவு செய்தார்கள்.

வேலை சலிப்பூட்டும் வேலை. ஒரே சுரத்தை மெல்ல, நடுத்தரமாக, பலமாக ஊத வேண்டும். மறுபடியும் அதையே ஊத வேண்டும். நடுவில் நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் கேட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜெயராஜ் முகம் சுளிக்கவில்லை. அடிச்சுரத்தை அவர் பிடிக்கும்போது பெஞ்சுகள் அதிர்ந்தன. அஹ்சனுக்குக் காதில் கேட்கும் முன்பே உள்ளங்காலில் தெரிந்தது.

முதல் நாள் வேலை முடிந்து மைக்கைக் கழற்றும்போது ஜெயராஜ் ஒரு விஷயம் சொன்னார். அந்தக் கருவிக்காகவே அவர் ஒரு பாட்டு போட்டு வைத்திருந்தார். ஆர்க்கெஸ்ட்ராவில் அது எப்போதும் மற்றவர்களின் பாட்டுக்கு அடியில் கிடக்கிற குரல். அதற்கென்று பாட்டு யாரும் தருவதில்லை. அதனால் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து மனசிலேயே கட்டிய பாட்டு. எழுதி வைக்க அவருக்கு வராது.

"ஒரு தபா அத ஊதிடட்டுமா தம்பி? எடுத்து வச்சிக்கோ."

பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்றான் அஹ்சன். அடுத்த வாரம் சுரங்களே முடியவில்லை. கடைசி நாளில் நேரம் இருந்தது. ஆனால் பொழுதோடு கிளம்பினால் அன்றே பெங்களூருக்கு அனுப்பிவிடலாம் என்று அவனுக்கு அவசரம். "பாட்டுக்குன்னே தனியா ஒரு நாள் வரேண்ணே. நல்லாப் பண்ணலாம்" என்றான். மனதாரத்தான் சொன்னான். ஜெயராஜ் சரி என்று தலையாட்டி, சீவாளியைத் துடைத்து டப்பாவில் வைத்தார்.

அதன்பின் அவர் இரண்டு தடவை போன் செய்தார். சுரங்களை வெட்டிச் சுத்தம் செய்யும் வேலையில் மூழ்கியிருந்த அஹ்சன், முதல் தடவை தேதி சொல்கிறேன் என்றான். இரண்டாம் தடவை போனை எடுக்கவில்லை.

மூன்றாவதாக வந்த அழைப்பில் பேசியது அவருடைய மனைவி விக்டோரியா. ஆலையில் கிரேனை விட்டு இறங்கி நிற்கும்போது சங்கிலி அறுந்து கொக்கி முகத்தில் அடித்துவிட்டது, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உயிருக்கு ஒன்றுமில்லை என்றாள். அஹ்சன் ஓடினான். கட்டுப்போட்ட தாடைக்கு மேலே ஜெயராஜின் கண்கள் மட்டும் தெரிந்தன. முன்பற்கள் போய்விட்டன. கீழுதட்டில் தையல். புண் ஆறினாலும் அந்த உதட்டில் உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உதடு பிடிக்காவிட்டால் சீவாளி பேசாது.

மறு வருடம் கம்பெனி அந்தத் தொகுப்பை வெளியிட்டது. நன்றாக விற்றது. அஹ்சன் ஒரு முடிவோடு, கீபோர்டையும் லேப்டாப்பையும் காரில் வைத்துக்கொண்டு ஜெயராஜின் வீட்டுக்குப் போனான். பாட்டை அவர் முணுமுணுத்தால் போதும், அவருடைய சுரங்களை வைத்தே அதை உருவாக்கிவிடலாம் என்று அவன் நம்பினான்.

ஜெயராஜ் ஆர்வமாகவே உட்கார்ந்தார். உதடு ஒரு பக்கம் தொங்கியதால் முணுமுணுப்பு கொஞ்சம் குழறியது. அஹ்சன் கேட்டுக் கேட்டுக் கட்டைகளை அமுக்கினான். முதல் வரியை ஒருவாறு சேர்த்து ஓடவிட்டான். சுரம் ஒவ்வொன்றும் அவருடையதுதான். அந்தக் கனமும் கரகரப்பும் அப்படியே இருந்தன. ஆனால் பாட்டு எழவில்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தொடங்கி, தனித்தனியாக முடிந்தது.

அஹ்சன் சுரங்களை நெருக்கிப் பார்த்தான். ஒன்றின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்து பார்த்தான். கொஞ்சம் மேலாக இருந்தது, அவ்வளவுதான்.

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விக்டோரியா, "இவரு இங்க நிறுத்த மாட்டாரே. இழுத்துக்கினே போயி அடுத்ததுல உக்காருவாரு" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியை அஹ்சன் எடுக்கவே இல்லை. கம்பெனி அதைக் கேட்கவில்லை. அந்தப் பாட்டைப் பதிவு செய்திருந்தால் அது தானாக வந்திருக்கும். கால்மணி நேர வேலை. எத்தனை நாள் சர்ச் பெஞ்சில் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தபோது அஹ்சனால் திரையைப் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கே எடுத்திருக்கணும்ணே. நீங்க கேட்டுக்கினே இருந்தீங்க" என்றான்.

ஜெயராஜ் கீபோர்டின் பக்கம் குனிந்தார். கட்டைகளில் மிகக் கீழே இருந்ததைத் தேடி விரலால் அமுக்கினார். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. ஒலி அடங்கும்வரை கையை எடுக்காமல் இருந்தார்.

"உடு தம்பி. நீ இன்னா வேணும்னா செஞ்ச?" என்றார். பிறகு, "ஆனா எடுத்திருக்கலாம்" என்றார்.

விக்டோரியா டீ கொண்டுவந்தாள். ஜெயராஜுக்கு மட்டும் ஸ்பூனும் கிண்ணமும். தேர்வாய் கண்டிகையில் புதிதாக வரப்போகும் தொழிற்பேட்டையைப் பற்றியும், மகனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்றும் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அஹ்சன் தெரிந்தவர்களிடம் சொல்லிவைப்பதாகச் சொன்னான். அந்த வார்த்தையை மட்டும் அவன் தள்ளிப்போடவில்லை. மறுநாளே இரண்டு இடங்களில் பேசினான்.

பிறகும் அவன் அடிக்கடி அங்கே போய்வந்தான். கீபோர்டை எடுத்துச் செல்லவில்லை. பாட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவுமில்லை. முதல் வரி மட்டும் அஹ்சனுக்கு மனப்பாடமாக இருந்தது. அதற்கு அடுத்து என்ன வரும் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.