கூட்டம் காட்டியவள்

நான் சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவள். படம் ஓடாத நாட்களில் முதலாளி எட்டிப் பார்த்து வயிறெரியக் கூடாதே என்று, வந்திருக்கும் நாலைந்து பேரையும் முன்வரிசையில் ஒருவர், மூலையில் ஒருவர் என்று பரவலாக உட்காரவைப்பேன். இருட்டில் பார்த்தால் பாதி அரங்கம் நிறைந்த மாதிரி இருக்கும். இந்தத் திறமைக்கு யாரும் மாலை போட்டதில்லை. தியேட்டரையும் மூடி, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

என் வீடு மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிறது. வாசலிலேயே பஸ் ஸ்டாப். காலையில் பஸ் வந்து நிற்கும். டிரைவர் பெண் கதவைத் திறந்து, "வாங்கம்மா, முட்டி எப்படி இருக்கு?" என்பாள்.

"இருக்கு, எங்க போயிடும்?" என்பேன்.

மார்க்கெட்டில் இறங்கி ஒரே ஒரு சோப்பு வாங்குவேன். இரண்டாக வாங்கினால் நாளைக்கு வரக் காரணம் இருக்காதே. மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை போனில் வருவான். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பேரனை அதட்டப் போய்விடுவான். அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் வலிக்கத்தான் செய்கிறது. முழுசாக ஒரு கேள்வி கேட்டு, முழுசாகப் பதில் கேட்கிறவள் அந்த டிரைவர் ஒருத்திதான்.

ஒருநாள் அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"இந்த ரூட்டயே தூக்கிடுவாங்க போலம்மா."

"ஏன், என்ன கேடு வந்துச்சு?"

"மார்க்கெட்ல கார் நிறுத்த இனிமே கட்டணம் வாங்கப் போறாங்கல்ல? அந்தக் காசத்தான் பஸ்ஸுக்குப் பிரிச்சுக் குடுக்குறாங்க. ஆள் ஏறுற ரூட்டுக்குப் புது வண்டி. ஏறாத ரூட்டுக்கு மூடுவிழா. எந்த ஸ்டாப்ல எத்தன பேர் ஏறுறாங்கன்னு நாளையிலேருந்து ஒரு மாசம் பூரா கதவுல இருக்கிற மெஷின் எண்ணும்."

திரும்பிப் பார்த்தேன். பஸ் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. இந்த பஸ்ஸும் போய்விட்டால் என் முட்டியை விசாரிக்க உலகத்தில் ஆளில்லை.

மறுநாளே களத்தில் இறங்கினேன். கையில் மாத பாஸ் இருந்தது. எத்தனை முறை ஏறினாலும் கேள்வி கிடையாது. தூங்கிக்கிடந்த தியேட்டர் மூளை விழித்துக்கொண்டது. என் வாசலிலேயே ஏறிக்கொண்டிருந்தால், ஒரு கிழவிக்காக ஒரு பஸ்ஸா என்று கேட்பார்கள். கூட்டத்தைப் பரப்பிக் காட்ட வேண்டும். அதனால் என் ஸ்டாப்பில் ஏறவே இல்லை. மேட்டிலிருந்து இறங்கி நடந்து, பூட்டிக்கிடக்கும் மில் வாசலில் ஏறுவேன். நூலகத்தில் இறங்கி, அடுத்த முறை பஸ் வரும்போது அங்கே ஏறுவேன். பிறகு பூங்கா. மறுபடியும் மில். கடைசியில் மட்டும் என் வாசலில் இறங்குவேன். இறங்குகிறவர்களை மெஷின் எண்ணாது.

"என்னம்மா, நகர்வலமா?" என்றாள் டிரைவர்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"நடக்கச் சொன்னா எதுக்கு பஸ்ல ஏறுறீங்க?"

இரண்டு பேரும் சிரித்தோம். முட்டி பூசணிக்காயாக வீங்கியது. ஆனாலும் பல வருஷங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு வேலை இருந்தது. சந்தோஷமாகவே இருந்தேன்.

ரூட் பிழைத்தது. பளபளவென்று புது பஸ் வரப்போகிறது என்றார்கள். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் என் வாசல் கம்பத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்த ஸ்டாப்பில் இனி பஸ் நிற்காது.

நொண்டிக்கொண்டே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"உங்க ஸ்டாப்புல அந்த மாசம் பூரா ஒருத்தர்கூட ஏறலையேம்மா. இந்த மாதிரி ஸ்டாப்ப எடுத்தாதான் வண்டி சீக்கிரம் போகும். ஆனா மில் ஸ்டாப்பப் பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு! அங்க நிழற்குடை, பெஞ்ச் எல்லாம் போடறோம்."

"அந்த மில்லப் பூட்டி ரொம்ப வருஷம் ஆச்சே, தம்பி."

"அப்படியா? ஆனா கூட்டம் இருக்கேம்மா."

அந்தக் கூட்டம் அவருக்கு எதிரில்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கணக்கே பொய் என்று ரூட்டையும் பிடுங்கிக்கொண்டால்? அந்த டிரைவர் பெண்ணின் வேலைக்கும் உலை வைத்த மாதிரி ஆகிவிடுமே. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன்.

மில் வரைக்கும் நடக்கலாம்தான். ஆனால் அந்த மாதம் அலைந்த அலைச்சலில் முட்டி கையை விரித்துவிட்டது.

அதனால் காலையில் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புது பஸ் வரும். என்னைப் பார்த்ததும் அவள் ஹாரனை மெதுவாக ஒரு தட்டு தட்டுவாள். அதுதான் 'வாங்கம்மா'. நான் கையை உயர்த்தி, "இருக்கு, எங்க போயிடும்?" என்று முணுமுணுப்பேன். இது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம் பஸ் வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் வேறு யாரோ ஓர் ஆள். பணம் வந்ததும் வண்டிகளைக் கூட்டியிருக்கிறார்கள், டிரைவர்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கார் நிறுத்தக் காசு என்றதும் ஜனங்களும் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம், நிஜமான கூட்டம். ஹாரன் கேட்கவில்லை. நான் பழக்கத்தில் கையை உயர்த்தியிருந்தேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்தார் போல, 'இங்கே நிற்காது' என்று கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார் அந்த டிரைவர்.