மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

தணிகாசலத்தை எறும்புகள் நாளைக்கு நாலு விரற்கடை வீதம் வாசலை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தன. கட்டிலோடுதான். சர்க்கரைக்காரர் என்றால் இதெல்லாம் சகஜம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையை மட்டும் விடாமல் போடச் சொன்னார்.

மனைவி குமுதவல்லிக்குத்தான் பொறுக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் கூடவே இருந்த மனுஷனை எறும்புக்குத் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? மருந்து அடித்தால் அவருக்கு மூச்சு முட்டும். அதனால் வீட்டில் இருந்ததை வைத்தே மல்லுக்கட்டினாள். கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள். எறும்புகள் கிண்ணங்களையும் சேர்த்து நகர்த்தின. தலையணைக்கடியில் கிராம்பு வைத்தாள். மறுநாள் அவை வாய் மணக்க வந்தன. கட்டிலைச் சுற்றி வேப்பிலை செருகினாள்.

"எனக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குடி" என்றார் தணிகாசலம்.

"வலிக்குதாங்க?"

"அதுங்க பொறுப்பாத்தான் தூக்குது. நீதான் கட்டில பின்னாடி இழுத்து இடுப்ப ஒடைக்கிற."

கட்டில் நிலைப்படிக்கு நாலு விரற்கடை தூரத்தில் வந்து நின்றதும் அவள் எறும்பு அலுவலகத்துக்கு ஓடினாள். அது அவர்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்தது. கடைசியில் தவழ்ந்துதான் போய்ச் சேர்ந்தாள். அதிகாரி குப்புறப் படுத்தபடி கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் வீட்டுக்காரரத் தூக்கிட்டுப் போறாங்க."

"நீங்கதானம்மா கூப்பிட்டீங்க."

கோப்பைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தோரு வருஷமாக அவள் வாசலில் போட்ட கோலங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு புள்ளி குறையவில்லை.

"அரிசி மாவுதானே?"

"ஆமா."

"எறும்பு திங்கட்டும்னுதானே போட்டீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் சார் போடுறாங்க."

"எல்லார் வீட்டுக்கும்தான் போறாங்க."

அவள் அழுதுவிட்டாள். அதிகாரி அதற்கும் ஒரு முத்திரை குத்தினார்.

"நாளைக்கு நிலைப்படியில மஞ்சத்தூள்ல கோடு போடுங்க. அதைத் தாண்ட யாராலயும் முடியாது. மேல கோலம் இருந்தா மட்டும் கோலத்துல நடந்து போயிடலாம். அதனால கோலம் போட்டுடாதீங்க."

"சத்தியமாப் போட மாட்டேன் சார்."

விடிந்ததும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். உள்ளே நின்றபடியே குனிந்து நிலைப்படியில் மஞ்சள் கோட்டை அழுத்தமாக இழுத்தாள். அப்பாடா என்று இருந்தது. அவருக்குக் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனாள். கை கழுவும்போதுதான் விரல்களைப் பார்த்தாள். மஞ்சளுக்கு மேல் வெள்ளையாக இருந்தது.

மாவு டப்பா திறந்து கிடந்தது. காலியாக இருந்தது.

பாழாய்ப்போன கை! அவளைக் கேட்காமலே கோட்டின் மேல் எட்டுப் புள்ளிக் கோலம் போட்டுவிட்டு வந்திருந்தது.

ஓடி வந்தாள். கட்டில் கோலத்தின் மேல் ஏறி வெளியே போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த எறும்புகள் கோலத்தைத் தின்றுகொண்டே போயின. கட்டில் காலை எட்டிப் பிடித்தாள். அதற்குள் கடைசிப் புள்ளியும் தீர்ந்தது. மஞ்சள் கோடு சுவர் மாதிரி அவளை நிறுத்தியது. பிடி நழுவியது.

"ஏங்க, எறங்கிடுங்க!"

"எங்கடி எறங்கறது? மரியாதையாத் தூக்கிட்டுப் போகுதுங்க."

வராந்தா நீண்டுகொண்டே போனது. வேலைக்குப் போன காலமெல்லாம் "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் படியிறங்குவார். இன்று தலையைத் தூக்கி, "போறேன், குமுதா" என்றார்.

அவள் அடுப்படிக்கு ஓடினாள். சர்க்கரை டப்பாவை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து ஓர் எறும்பு வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"கோலம் எங்கம்மா?"

"அரிசி ஊறப் போட்டிருக்கேன்" என்றாள் குமுதவல்லி. "போயிடாதீங்க."