இரண்டும் இடது கால்

என் சம்பந்தியின் வெல்டிங்கை நான் முப்பத்தோரு வருஷம் நிராகரித்தேன். ஒரே தொழிற்சாலை. அவர் வெல்டர், நான் தரப் பரிசோதகர். அவர் ஒட்டிய இரும்பையெல்லாம் என் மேஜைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நான் தட்டிப் பார்ப்பேன், தடவிப் பார்ப்பேன், முகர்ந்துகூடப் பார்ப்பேன் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். பிறகு பிரஷை எடுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைப்பேன். சரியாக இருந்தால் பச்சைப் பொட்டு. பச்சை டப்பாவை வேலைக்குச் சேர்ந்த அன்று திறந்த ஞாபகம் இருக்கிறது, பிறகு திறந்த ஞாபகம் இல்லை. சிவப்பு மட்டும் வாரத்துக்கு ஒரு வாளி செலவானது. எனக்குப் பெயரே செவப்பு டப்பா. ஓய்வு பெற்ற அன்று மற்றவர்களுக்குக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். எனக்கு அந்த இரண்டு டப்பாவையும் கையில் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

இப்படிப்பட்டவனுடைய மகனும் அவருடைய மகளும் எங்களைக் கேட்காமலே முடிவு செய்துகொண்டார்கள். கல்யாணத்தன்று அவர் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்.

"மாப்பிள்ளைய நானும் தட்டிப் பாத்துட்டேன். பரவால்ல."

மகனும் மருமகளும் அவர் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி. எட்டு மாதத்துக்கு முன்னால் சம்பந்தி தன் மோட்டார் சைக்கிளோடு போய், நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியில் மோதினார். லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தோள் எலும்பு போயிற்று. வண்டியின் முன்பக்கக் குழாய் இரண்டும் வாழைப்பழமாக வளைந்தன. மருமகள் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் எங்கே போவதானாலும் அவளுடைய காரில், பின் சீட்டில், பேரனுக்கான குட்டி நாற்காலிக்குப் பக்கத்தில்தான். அவளே குனிந்து பெல்ட் போட்டுவிடுவாள். பேரனுக்கு முதலில், அப்பாவுக்கு அடுத்தது. முடிவெட்டிக்கொள்ளக்கூட அவர் தனியாகப் போகவில்லை. எழுபது வயதை நெருங்குகிற மனுஷன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்க்கிற பார்வையை ஒருநாள் எதிரே வந்தபோது பார்த்தேன். அப்படி ஒரு பார்வையை நான் எந்த இரும்பிலும் பார்த்ததில்லை.

அந்த வாரமே மருமகளிடம் போய்ச் சாவியைப் பற்றிப் பேசினேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, அப்பா யார் பேச்சும் கேக்க மாட்டாரு. உங்களுக்கு மட்டும்தான் பயப்படுவாரு. அந்த முன்பக்கத்த அவரே செய்யட்டும். நீங்க பாத்து பச்சை வெச்சா சாவி தரேன். செவப்பு வெச்சா பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போகட்டும். அடுத்த மாசம் கழிச்சு ஒண்ணாம் தேதி வரச் சொல்லியிருக்கேன்."

"பயமெல்லாம் இல்ல," என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்த சம்பந்தி. "வெறுப்பு."

அந்த மாடல் வண்டி தயாரிப்பு நின்று இருபது வருஷம். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற, குழாய்க்குள் குழாய் ஓடுகிற அந்த போர்க் எந்தக் கடையிலும் இல்லை, வீட்டில் செய்யவும் முடியாது. அதனால் சம்பந்தி கர்டர் போர்க் என்றார். மிகப் பழைய வண்டிகளில் இருந்தது, ஒரு குட்டிப் பாலம் மாதிரி. சக்கரத்தின் இரண்டு பக்கமும் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டிய இரண்டு கால்கள். அந்தக் கால்களை வண்டியின் கழுத்தோடு நான்கு குட்டைக் கைகள் பிடித்திருக்கும். மேட்டில் சக்கரம் ஏறினால் இரண்டு காலும் ஒன்றாக மேலே போகும், நடுவில் இருக்கிற ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். வெட்டத் தெரிந்து, ஒட்டத் தெரிந்து, ராவத் தெரிந்தால் போதும். உடம்பும் தாங்க வேண்டும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

ராவவும் பிடிக்கவும் ஆள் வேண்டுமென்று நானும் சேர்ந்துகொண்டேன்; அவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் ஆரம்பித்தோம். இருவருக்கும் சேர்த்து நூற்று முப்பத்தாறு வயது. முழங்கால்கள் நான்கு, அவற்றில் மடங்குவது ஒன்று. ஒரு நட்டு கீழே விழுந்தால் அதை எடுப்பதா, புதிதாக வாங்குவதா என்று கூடிப் பேசி முடிவெடுப்போம். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் வளைவில் சந்தில்லாமல் உட்கார வேண்டும், அதற்கு அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு காலுக்குப் பதினான்கு முனை. ஒவ்வொரு முனையிலும் ஒரு பிற்பகல் போயிற்று. நான் ராவிய இரும்புத் தூளைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு மோட்டார் சைக்கிள் செய்திருக்கலாம். மாலையில் வீட்டுக்குப் போனால் டம்ளரைப் பிடித்த கை அதை விடாது. மனைவி விரல் விரலாகப் பிரித்தெடுப்பாள்.

ஜிக், அதாவது குழாய்களைப் பிடித்துவைக்கிற சட்டம், என் பொறுப்பு. பழைய இரும்புக் கதவு ஒன்றை இரண்டு டிரம்களின் மேல் படுக்கப்போட்டு, அதன்மேல் காலின் வடிவத்தைக் கோடு போட்டு வரைந்தேன். குழாய்கள் அசையாமல் இருக்க அங்கங்கே சிறு இரும்புத் துண்டுகளைச் சம்பந்தி ஒட்டினார். அதற்குள் குழாய்களைப் படுக்க வைத்து வெல்டிங் அடித்தால் கால் தயார். முதல் கால் மூன்று வாரத்தில் முடிந்தது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு இருவரும் எதிரே உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போனோம்.

இரண்டாவது காலுக்குக் குழாய்களை அடுக்கும்போது சம்பந்தி நிறுத்தினார்.

"இத திருப்பி வரைய வேண்டாமா?"

நான் அப்போதுதான் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்திருந்தேன். "ஜிக்கு என்னோடது. கோடு ஒரு மயிரளவு நகராது. நீங்க பேசாம அடிங்க."

அவர் பேசாமல் அடித்தார். முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது இரண்டு கால்களையும் தூக்கிச் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பிடித்தோம். ஒவ்வொரு காலிலும் அந்தக் குட்டைக் கைகள் வந்து மாட்ட இரண்டு தடித்த வளையங்கள் உண்டு. அவை உள்பக்கம் பார்க்க வேண்டும். அவர் பிடித்த காலில் பார்த்தன. நான் பிடித்த காலில் அவை தெருவைப் பார்த்தன. திருப்பிப் பிடித்தேன். வளையம் உள்ளே வந்தது, கால் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது. மறுபடி திருப்பினேன். தலைகீழாகக்கூட ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். செருப்பு மாதிரிதான் அதுவும். இடதுக்கு ஒரு வார்ப்பு, வலதுக்கு ஒரு வார்ப்பு.

"ரெண்டும் எடது கால்," என்றேன்.

அவர் காலைக் கீழே வைத்தார். அலமாரியில் நான் கொண்டுவந்து வைத்திருந்த சிவப்பு டப்பாவை எடுத்து, நிதானமாக மூடியைத் திறந்து, பிரஷைத் தோய்த்தார்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். என் கட்டைவிரல் நகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷம்," என்றார். அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்துவிட்டார். அந்த உட்காருதலில் கோபம்கூட இல்லை. வெறும் அசதி.

டீ கொண்டுவந்த என் மனைவி இருவரையும் பார்த்தாள், தரையில் கிடந்த இரண்டு கால்களைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள்.

"ஏங்க, ஒரு ஜோடி சேக்கத் தெரியல, இத வெச்சா ஊர்ல இருக்கறவங்க வேலையெல்லாம் தப்புன்னு சொல்லிட்டு இருந்தீங்க?"

"விடுங்க தங்கச்சி," என்றார் சம்பந்தி. "அவரு கண்ணு மத்தவங்க தப்புக்குப் பழகினது."

நான் டீயைக் குடித்தேன். உடம்பில் வலிக்காத இடம் காது ஒன்றுதான். அப்போது என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை.

"சம்பந்தி, அந்த வளையத்த மட்டும் அறுத்து, இந்தப் பக்கம் வெச்சு ஒட்டிடலாம். சக்கர அச்சு வர்ற தகட்டையும் அப்படியே திருப்பிடலாம். ஒரே நாள் வேலை. மேல பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்."

அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். 

"ஒட்டுன எடத்துல அறுத்து மறுபடி ஒட்டினா என்ன ஆகும்?"

"பலம் குறையும்."

"குறைஞ்சா?"

"விரிசல் விடலாம்."

"அத நான் உங்க மேஜைக்கு அனுப்பினா?"

நான் சிவப்புப் பொட்டு வைத்த கட்டைவிரலை மடக்கி மறைத்தேன்.

"புதுசா செய்யலாம்," என்றார். எழுந்திருக்க மூன்று முறை முயன்று, மூன்றாவது முறை என் தோளைப் பிடித்து எழுந்தார். "போய்க் கோட்டத் திருப்பி வரைங்க. இந்தத் தடவ முழிச்சுக்கிட்டு வரைங்க."

மூன்று வாரம் ஆன காலை நான்கு நாளில் செய்தோம். அந்த நான்கு நாளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நின்றபடி ராவினேன், சாய்ந்தபடி ராவினேன், ஒருமுறை கண்ணைத் திறந்தபோது குழாயை விட்டுவிட்டு மேஜையின் ஓரத்தைப் பாதிவரை ராவியிருந்தேன். சம்பந்தி ஒவ்வொரு ஒட்டுக்கும் இடையில் தோளைத் தேய்த்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிற்பார். நான் குழாயைப் பொருத்தி வைத்ததும் குனிந்து, உற்றுப் பார்த்து, "ம்" என்பார். சந்து தெரிந்தால் குழாயை என்னிடமே திருப்பிக் கொடுப்பார். இருபத்தெட்டு தடவை திருப்பிக் கொடுத்தார். நான் எண்ணினேன். என் மேஜையில் அவர் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

ஒன்றாம் தேதி காலை. கால்கள் மாட்டியாயிற்று, கைகள் மாட்டியாயிற்று, ஸ்பிரிங் உட்கார்ந்தது. மருமகள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள்; அவன் தாத்தாவின் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்திருந்தான். வெளியே பழைய இரும்புக்காரர் தன் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொண்டார்.

நான் ஆரம்பித்தேன். சுத்தியலால் ஒவ்வொரு ஒட்டையும் தட்டினேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நூல் கட்டி நேர் பார்த்தேன். ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். என் முழு எடையையும் அதன்மேல் போட்டு அமுக்கினேன். ஸ்பிரிங் அமுங்கிச் சத்தமில்லாமல் எழுந்தது. அது எழுந்ததைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சம்பந்தி ஒரு முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

என் கை தானாகச் சிவப்பு டப்பாவுக்குப் போயிற்று. அது அந்தக் கையின் குணம். நிறுத்தினேன். வேண்டுமென்றே முதலிலிருந்து மறுபடி தட்டினேன். இது உடைந்தால் உடைவது இந்த மனுஷனின் கழுத்து. எண்பத்து நான்கு இடத்தில் தட்டினேன், எண்பத்து நான்கும் மணி மாதிரி பேசின. ஒரு மயிர், ஒரு மயிரில் பாதி, ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. பழைய இரும்புக்காரர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

"மாமா," என்றாள் மருமகள். "என்ன கலரு?"

பச்சை டப்பாவை எடுத்தேன். மூடி அசையவில்லை. ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பினேன். உள்ளே பச்சையாக ஒரு கல். தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. சம்பந்தி அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"திறந்ததே இல்லன்னு நாங்க சொன்னப்ப நீங்க ஒத்துக்கல," என்றார்.

மருமகள் சிரிக்கவில்லை. சாவி அவள் கைக்குள் மூடியிருந்தது. "மாமா, கலர் இருக்கா இல்லையான்னு கேக்கல. நீங்க சொல்லுங்க. இதுல அப்பாவ அனுப்பலாமா?"

நான் டப்பாவைக் கீழே வைத்தேன். மடங்குகிற முழங்கால் எங்களிடம் ஒன்றுதான் என்றேனே, அது என்னுடையது இல்லை. இருந்தாலும் வண்டியின் பின் சீட்டைப் பிடித்து, காலை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, ஏறி உட்கார்ந்தேன். பாதியில் சம்பந்தி வந்து முட்டுக்கொடுத்தார்.

"சாவியக் குடும்மா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், முன் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு சாவியை அவள் அப்பா கையில் வைத்தாள். பேரனிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கி, அப்பாவைக் குனிய வைத்து அவளே மாட்டிவிட்டாள். எனக்கும் ஒன்று மாட்டினாள்.

தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி ஏறினோம். கால்கள் இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின. ஒரு கிறீச் இல்லை.

"எங்க போகணும்?" என்றார் சம்பந்தி, திரும்பாமல்.

"வீட்டுக்குத்தான். தூங்கணும்."

"எட்டு மாசமா வீட்டுலதான் இருந்தேன்," என்று சொல்லி எதிர்ப்பக்கம் திருப்பினார்.

எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. ஊரைச் சுற்றி, ஆற்றுப் பாலம்வரை போய், ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் நின்றதாகச் சொல்கிறார். முன் சக்கரத்தை ஒரு நொடி விடாமல் கவனிக்க வேண்டும் என்று கிளம்பியவன், இரண்டாவது சிக்னலிலேயே அவர் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.